பூ வைத்த படம்

அந்தப் படத்தில் இருக்கிற குழந்தை சாகவில்லை. போன மாதம் அவனுக்கு இருபது முடிந்தது. காலையில் இரண்டு தோசை போதும் என்பான், ஐந்து தின்பான். பெயர் ஹேமந்த். நான் பெற்ற ஒரே பிள்ளை. அவன் செத்துப்போனதாக ஊருக்குச் சொன்னவளும் நான்தான்.

என் பெயர் விஜயகுமாரி. வீடு திருக்கழுக்குன்றத்தில். மறைமலைநகரில் டூ வீலர்களுக்கு பிரேக் லீவர் செய்கிற ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷன் லைனுக்குப் பதினோரு வருஷம் லீடராக இருந்தேன். வேலை இதுதான். வார்ப்பில் இருந்து வருகிற லீவரை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, போல்ட் போகிற ஓட்டையைச் சுற்றி முடி அளவுக்கு ஏதாவது கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி. இருந்தால் சிவப்புப் பெட்டி. ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு எண்ணூறு பீஸ். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களுக்குக் கண் சொருகும். கை திருப்பிக்கொண்டே இருக்கும், கண் பார்க்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு கீறல் பீஸ் தப்பித்துப் போய்விட்டது. வண்டியில் மாட்டும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனாலும் எங்கள் குவாலிட்டி மேனேஜர் தீனதயாளன் சார் என்னை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்க பொண்ணுங்க மனசுல படற மாதிரி ஏதாவது பண்ணுங்கம்மா. போஸ்டர் ஒட்டி ஒட்டி சுவரு தேஞ்சதுதான் மிச்சம்" என்றார். அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. லைனுக்குத் திரும்பி வரும்போதே பர்ஸைத் திறந்தேன். உள்ளே ஹேமந்தின் யூகேஜி படம் இருந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்போடு பல் தெரியச் சிரிப்பான். அதை எடுத்துக் கடைசி மேஜைக்கு மேலே இருக்கிற போர்டில் டேப் போட்டு ஒட்டினேன். பெண்களைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பையன் அப்பா வண்டியில முன்னாடி உக்காந்துகினு போனான். லீவர் ஒடஞ்சி போச்சி. நம்ம லீவர். நீங்க யாரோ ஒருத்தி பச்சைப் புள்ளி வெச்ச லீவர்" என்றேன்.

இரண்டு பேர் அழுதார்கள். மறுநாள் சிவப்புப் பெட்டி இரண்டு மடங்கு நிறைந்தது. அந்த வருஷம் ஒரு புகார்கூட வரவில்லை. எனக்கு ஒரு சர்டிபிகேட்டும் ஐந்து லிட்டர் குக்கரும் கொடுத்தார்கள். ஒட்டிய அன்று மட்டும் வீட்டுக்கு வந்ததும் ஹேமந்தை வாசலில் நிற்கவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். "எதுக்கும்மா?" என்று கேட்டான். சும்மாதான் என்றேன். சொந்தப் பிள்ளையைச் செத்தவன் என்று சொன்ன வாய்க்கு ஒரு கைப்பிடி உப்பு போதும் என்று நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

வச்சலா வேலைக்குச் சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு குப்பம் அவளுடைய ஊர். புருஷன் மாரி கடலுக்குப் போகிறவன். குழந்தை இல்லை. கம்பெனி பஸ் மாமல்லபுரத்தில் அவளை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வழியாகப் போகும். முதல் நாளே அந்தப் படத்தைப் பார்த்து, "யாருக்கா இந்தப் புள்ள?" என்று கேட்டாள். வழக்கமான கதையைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அதில் எனக்கு ஒரு தேர்ச்சி வந்திருந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்றெல்லாம் தெரியும். அவள் அழவில்லை. "பேரு இன்னா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

ஆறு மாதத்தில் அவளைக் கடைசி மேஜைக்கு மாற்றினேன். மற்றவர்கள் ஒரு தடவை பார்க்கிற பீஸை அவள் மூன்று தடவை பார்ப்பாள். பார்த்துவிட்டுப் படத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம்தான் புள்ளி. எண்ணிக்கை குறையக்கூடாது என்று டீ குடிக்கப் போகமாட்டாள், பாத்ரூம் போகமாட்டாள். எல்லோரும் பஸ் ஏறிய பிறகு இறங்கி ஓடுவாள், மேஜையில் ஏதோ ஒரு பீஸைப் பார்க்காமல் விட்டதாக. டிரைவர் ஹார்ன் அடித்துத் திட்டுவார். நான் அவள் பக்கம் பேசுவேன். "பொறுப்புன்னா இவகிட்ட கத்துக்கணும்" என்று மற்ற பெண்களை இடித்துக் காட்டுவேன். அதிலும் திவ்யா என்று ஒருத்தி, தினமும் லேட், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். அவளைத்தான் அதிகம் இடிப்பேன்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, நான் வீட்டுக்கு வந்து காபி போடுகிற நேரத்துக்குச் சரியாக.

"அக்கா, நாலாவது ட்ரேல கடேசி வரிசை. நா பாத்துட்டுத்தான் புள்ளி வெச்சனா?"

"பாத்துட்டுத்தான் வெச்ச. நான் மறுபடி செக் பண்ணிட்டேன்."

"நெஜமாவா அக்கா?"

"நெஜமா."

நான் எதையும் செக் பண்ணவில்லை. எந்த ட்ரே என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நிஜமா என்றால் அவளுக்குக் குரல் இறங்கும், எனக்குக் காபி ஆறாது. கொஞ்ச நாளில் ஒரு போன் மூன்றானது. மூன்று ஏழானது. ஏழு தடவையும் நிஜமா என்றேன்.

ஒரு நாள் காலையில் லைனுக்குப் போனால் படத்துக்கு மேலே ஒரு முழம் மல்லிகை தொங்குகிறது. என் பிள்ளை படத்தில் பூ. "இன்னைக்கு வெள்ளிக்கியமை அக்கா, அதான்" என்றாள் வச்சலா. "டேபிள்ல பூவெல்லாம் வெக்கக் கூடாது, ஆடிட்ல எழுதிடுவாங்க" என்று பிய்த்துப் போட்டேன். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூவை மட்டும் எடுத்தேன், படத்தை எடுக்கவில்லை. புகார் இல்லாத மூன்றாவது வருஷம் அது.

போன மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. எப்போதும் தீயணைப்பு வண்டி வரும், ஒரு வாளியில் தீ வைத்து அணைத்துக் காட்டுவார்கள். இந்தத் தடவை மனநலம் பற்றிப் பேச ஒரு உளவியலாளர் வந்தார். ஜாய்ஸ் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். லைன் லீடர்கள், சூபர்வைசர்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார். முதலில் மனச்சோர்வைப் பற்றிச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றிக்கொண்டே இருப்பது. அது சோம்பேறித்தனம் இல்லை என்றார். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று பயந்து ஈசிஜி எடுக்க ஓடுகிற பதற்றத்தைச் சொன்னார். இல்லாத குரல் காதில் கேட்பதையும், யாரோ தனக்குக் கெடுதல் செய்வதாக அசைக்க முடியாமல் நம்புவதையும் சொன்னார். சில வாரம் தூக்கமே தேவைப்படாமல் ஊரையே விலைக்கு வாங்குகிறேன் என்று அலைந்துவிட்டு, பிறகு சில வாரம் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பதைச் சொன்னார்.

நாங்கள் சும்மா இருப்போமா? ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு ஆளைப் பிடித்தோம். ஊரை விலைக்கு வாங்குகிற வியாதி கேன்டீன் மாஸ்டருக்கு என்று ஒருவர் சொல்ல, பின் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் அவர் ஓசிடி என்றார். "இதைப் பல பேர் சுத்தம்னு நெனைப்பாங்க, பொறுப்புன்னு நெனைப்பாங்க. ரெண்டும் இல்லைங்க. தன்னால யாருக்கோ ஆபத்து வந்துடும்னு ஒரு எண்ணம் வந்துகிட்டே இருக்கும். அது அதிகப்படின்னு அவங்களுக்கே தெரியும், ஆனா விரட்ட முடியாது. அதுக்காகத் திரும்பத் திரும்ப செக் பண்ணுவாங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட, சரியாத்தானே இருக்குன்னு கேட்டுகிட்டே இருப்பாங்க. நாமளும் பாவம்னு சரியா இருக்கு, சரியா இருக்குன்னு சொல்லுவோம். அந்த நேரத்துக்கு நிம்மதியா இருக்கும். ஆனா அந்த பதில்தான் அந்த வியாதிக்குத் தீனி."

எனக்கு ஆறரை மணிப் போன் ஞாபகம் வந்தது. பின் வரிசையில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். உதவி தேவைப்படும் என்று தோன்றுகிறவர் யாராவது உங்கள் லைனில் இருந்தால் பெயர் எழுதி மடித்துக் கொடுங்கள், என்னைத் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார். கீழே அவருடைய போன் நம்பர் இருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். வ என்று எழுதினேன். அடுத்த வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட். எங்கள் லீவரை வாங்குகிறவர்களின் சோதனை அது, வெளிநாட்டில் இருந்து ஆள் வருகிறார். வச்சலாவின் மேஜையைத்தான் காட்டப் போகிறோம். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு யாரை வைத்துக் காட்டுவேன்? அந்த வ-வை அடித்துவிட்டு திவ்யா என்று எழுதி மடித்துக் கொடுத்தேன்.

திவ்யாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு அனுப்பினார்கள். வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, எனக்கு ஒண்ணியும் இல்லியாம். தூக்கந்தான் பத்தலியாம். ரெண்டு வயசுப் புள்ள கீது வூட்ல, ராத்திரியெல்லாம் கத்துது, வேற இன்னா பண்ணுவேன்?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எம்பேர எந்தப் பரதேசி எழுதிக் குடுத்துச்சி?" என்று கேட்டாள். யாரோ என்றேன்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேட்டில் பை சோதனை. வச்சலாவின் டிபன் கேரியரைத் திறந்தார்கள். ஈரத் துண்டில் சுற்றி ஒன்பது லீவர்கள். ஒன்றிலும் பச்சைப் புள்ளி இல்லை. தீனதயாளன் சார் அறைக்குக் கூட்டிப்போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"திருடல சார்" என்றாள் வச்சலா. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நகங்கள் எல்லாம் தேய்ந்து, ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. "சந்தேகமா இருந்துச்சி சார். செவப்புப் பொட்டில போட்டா இன்னொருத்தர் பாத்துட்டு நல்லாக்கீதுன்னு திருப்பி அனுப்பிச்சிடறாங்க. அதான் எடுத்தும் போய் எங்கூட்டுக்காரு கையில குடுப்பேன். அது ஆழத்துல கொண்டும் போய் போட்டுட்டு வரும்."

"எதுல போட்டுட்டு?"

"கடல்ல சார்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பெனியை ஏமாற்றுகிறாள், பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறாள் என்றே நினைத்தார். கடலில் போடுவதற்காக யார் திருடுவார்கள்? வச்சலா என் பக்கம் திரும்பினாள். "அக்காக்குத் தெரியும் சார். தெனம் போன் பண்ணிக் கேட்டுகினுதான் இருப்பேன். அக்காவக் கேளுங்க."

சார் என்னைப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறந்தால் என்னென்ன வெளியே வரும் என்று எனக்குத் தெரிந்தது. இவளுக்கு உடம்பு சரியில்லை என்றால், தெரிந்தும் ஏன் கடைசி மேஜையில் வைத்தாய் என்பார். போன் வருவது நிஜம் என்றால், செக் பண்ணாமலே செக் பண்ணினேன் என்றாயா என்பார். கடைசியில் அந்தப் படத்தில் போய் நிற்கும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.

வச்சலா கோபப்படவில்லை. ஏதோ நான் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்பதுபோல் யோசித்தாள். அவளாகவே வேலையை விட்டுவிடுவதாக எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மூன்று தடவை பார்த்தாள். "சரியா கீதா அக்கா?" என்று என்னிடமே காட்டினாள். நான் சரி என்றேன். பஸ் அவள் இல்லாமல் கிளம்பியது. அன்றைக்கு ஆறரை மணிக்குப் போன் வரவில்லை.

ஆடிட் நன்றாகவே நடந்தது. கடைசி மேஜையில் திவ்யாவை உட்காரவைத்திருந்தேன். வந்தவர் அறுபது வயசு மனுஷர், எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்ததும் யார் இது என்று கேட்டார். தீனதயாளன் சார் முந்திக்கொண்டு, எங்கள் லீவர் என்பதை மட்டும் விட்டுவிட்டு, கதையைச் சொன்னார். நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார். அந்த மனுஷர் தொப்பியைக் கழற்றினார். கைகளைத் தொடையில் ஒட்டி, படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். சாரும் நின்றார். லைன் முழுக்க எழுந்து நின்றது. கன்வேயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் மகன் அப்போது செங்கல்பட்டில் காலேஜ் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தேன்.

அன்று ஷிப்ட் முடிந்ததும் படத்தைப் பிய்த்தெடுத்தேன். டேப் ஒட்டியிருந்த மூலை கிழிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே ஜாய்ஸ் மேடத்துக்குப் போன் போட்டேன். பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொன்ன கதையால அந்த வியாதி வரலைங்க. அது முன்னாடியே அவங்ககிட்ட இருந்திருக்கும். மாட்டிக்க ஒரு ஆணி தேடிகிட்டு இருந்துது, நீங்க அடிச்சுக் குடுத்துட்டீங்க" என்றார். "போய் உண்மையைச் சொல்லுங்க, அது நியாயம். ஆனா சொன்னதும் சரியாயிடும்னு நெனைக்காதீங்க. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

முதல் பாதிதான் என் காதில் ஏறியது. உண்மையைச் சொன்னால் போதும், அந்தக் குழந்தையை உயிரோடு கொண்டுபோய் நிறுத்தினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். தீர வேண்டியது அவளுடைய பயமா என் குற்ற உணர்ச்சியா என்று யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹேமந்திடம் சொன்னேன். முதலில் சிரித்தான். "அப்போ நாலு வருஷமா நான் பேயாம்மா?" என்றான். பிறகு அந்தக் கிழிந்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "இதுக்குப் பூ வெச்சாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். வண்டியை எடுத்தான். மாமல்லபுரத்தைத் தாண்டி வச்சலாவின் குப்பத்துக்குப் போனோம்.

மாரி வீட்டு வாசலில் போட் இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். வச்சலா உள்ளே எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாக்கா. டீ சாப்பிடறியா?" என்றாள், நான் அவளுக்கு ஒன்றுமே செய்யாதது மாதிரி.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். படத்தை ஒரு கையிலும் ஹேமந்தின் கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். யாரும் சாகலை வச்சலா. நான் சொன்னது பொய். இவன்தான் அந்தப் புள்ளை. இவன் என் புள்ளை. நீ போன் பண்ணும்போது நான் எதையும் செக் பண்ணலை, அதுவும் பொய். அன்னைக்கு சார் ரூம்ல தெரியாதுன்னு சொன்னதும் பொய்.

வச்சலா ஹேமந்த் கிட்டே வந்தாள். கட்டை விரலால் அவனுடைய இடது புருவத்தைத் தடவினாள். லீவரின் ஓட்டையைத் தடவிப் பார்ப்பாளே, அதே மாதிரி ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தழும்பு அதே இடத்தில் இருந்தது. "உசுரோட கீதா" என்றாள். அவளுடைய முகம் முழுக்க உடைந்து அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். "நைனா, சாப்ட்டியா நைனா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

மாரி சிரிக்கவில்லை. வாசற்படியில் வந்து நின்றான். கை இரண்டும் கிரீஸ். "ரெண்டு வருசமா எங்க வூட்ல ஒரு செத்த கொயந்த குடியிருந்துச்சிக்கா" என்றான் மெதுவாக. "அதுக்கு சோறு வெக்காத கொறதான். இவ தூங்க மாட்டா, என்னியும் தூங்க வுட மாட்டா. கேஸ் அடுப்ப நாப்பது தபா பாப்பா. மந்திரிச்சிப் பாத்தேன், கயிறு கட்டிப் பாத்தேன். கடலுக்குப் போறவன் கையில லீவரக் குடுத்து ஆழத்துல போட்டுட்டு வான்னுவா. நானும் கேக்காம போட்டுட்டு வருவேன். இன்னாத்துக்கு? உங்க கம்பெனில ஒரு பீஸு கொறையாம இருக்கறதுக்கா?"

ஹேமந்த் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைக்கு முன்னால் இப்படி நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது வச்சலா வண்டிவரை வந்தாள். ஹேமந்த் ஏறி உட்கார்ந்து பிரேக்கில் கை வைத்தான். அவள் கண் அங்கே போய் நின்றது. குனிந்தாள். "இது நம்ம கம்பெனி லீவர் தானேக்கா?" என்றாள். ஆமாம், எங்கள் லீவர்தான். ஓரத்தில் பச்சைப் புள்ளி மங்கிப்போய்த் தெரிந்தது. "எந்த வருசத்து வண்டி? இதுக்கு யாரு புள்ளி வெச்சது?" என்றாள். விரலால் ஓட்டையைச் சுற்றித் தடவினாள். ஹேமந்தைச் சட்டை முனையால் துடைக்கச் சொல்லி மறுபடி தடவினாள். "கொஞ்சம் இரு நைனா, வெளிச்சம் பத்தல" என்றாள். வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் எங்களை விடவில்லை. கடைசியில் மாரி வந்து அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான்.

திருக்கழுக்குன்றம் எல்லையைத் தொடும்போது போன் அடித்தது. "அக்கா, ஹேமந்து பத்திரமா வந்து சேந்தானா?" வந்துவிட்டான் என்றேன். நாங்கள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போது மறுபடி அடித்தது. அன்று மட்டும் பதினான்கு தடவை. முகம் இல்லாத, பெயர் இல்லாத ஒரு குழந்தை அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. நான் அதற்கு முகமும் பெயரும் வண்டி நம்பரும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

திங்கட்கிழமை தீனதயாளன் சாரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். என்னை லீடர் வேலையில் இருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். வச்சலாவின் பேரில் இருந்த திருட்டு என்கிற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாரியை அழைத்துக்கொண்டு நானே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். எண்ணம் வரும்போது செக் பண்ணாமல், யாரையும் கேட்காமல், அந்தப் பயத்தோடு கொஞ்ச நேரம் உட்காரப் பழக வேண்டும். மெதுவாகத்தான் ஆகும் என்றார் டாக்டர். அவளையும் வைத்துக்கொண்டே மாரிக்கும் எனக்கும் ஒரு விதி சொன்னார். அவள் கேட்டால் சரியாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது, திட்டவும் கூடாது. தெரியாது என்று சொல்ல வேண்டும். வச்சலாவும் தலையாட்டினாள்.

உலகத்திலேயே சுலபமான வார்த்தை என்று நினைப்பீர்கள். அன்று சாரின் அறையில் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது. இப்போது அவள் போனில் கெஞ்சும்போது அது வாயில் வரமாட்டேன் என்கிறது. முதல் வாரத்தில் இரண்டு தடவை தோற்றேன், நல்லா இருக்கான், நல்லா இருக்கான் என்று உளறிவிட்டேன். இந்த மூன்று மாதத்தில் போன் பதினான்கில் இருந்து ஆறாகி, ஒன்றாகியிருக்கிறது.

நேற்றும் ஆறரைக்கு அடித்தது. ஹேமந்த் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

"அக்கா, ஹேமந்து வண்டி பிரேக்கு நல்லா கீதா?"

"தெரியாது வச்சலா."

பின்னால் மாரி டிவியைக் குறைப்பது கேட்டது. ரொம்ப நேரம் இருந்தாள்.

"எனக்கும் தெரியாதுக்கா" என்றாள். அவளாகவே வைத்துவிட்டாள். இதுவரை அவளாக வைத்ததே இல்லை.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட வேண்டும் என்று நின்றேன். காபி ஆறிப்போனது. ஏழு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹேமந்த் இறங்குவதற்குள் நான் போய் லீவரை அழுத்தினேன். ஓட்டையைச் சுற்றிக் கட்டை விரலால் தடவினேன்.

"என்னம்மா, காலையிலதானே பாத்தே?" என்றான்.

பார்த்தேன்தான். நேற்றுக் காலையிலும் பார்த்தேன், அதற்கு முந்தின நாளும் பார்த்தேன். அவன் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். இதை ஜாய்ஸ் மேடத்திடம் நான் இன்னும் சொல்லவில்லை.